பூஜ்யம் எண் வண்டி

இழுக்காதீங்க சார், சாய்ச்சு எடுங்க. இழுத்தா அது வராது. ஓரத்தைப் பிடிச்சு லேசா ஒரு பக்கமா சாய்ச்சா தானா விட்டுடும்.

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. மனதுக்குள் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை கொஞ்சம் கெஞ்சலாகவே சொன்னாள். அதற்குள் கொள்முதல் அதிகாரி இடது காலை இரும்பு பீரோவின் மேல் ஊன்றி, இரண்டு கையாலும் ஆன்டெனாவின் காந்த அடித்தட்டைப் பிடித்துப் பின்னால் சரிந்திருந்தார். அவர் இடுப்பைக் குழுத் தலைவர் பிடித்திருந்தார். பீரோ அரை அடி முன்னால் வந்தது. காந்தம் வரவில்லை.

"இன்னும் கொஞ்சம்யா. வருது, வருது."

"பீரோதான் சார் வருது."

கொள்முதல் அதிகாரியின் கட்டைவிரல் நகம் முறிந்தது. அவர் கையை உதறிக்கொண்டே நாற்காலிக்குத் திரும்பினார். தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பீரோவின் பக்கவாட்டில் அசையாமல் இருந்த அந்தக் கறுப்பு வட்டத்தை, சொன்ன பேச்சைக் கேட்காத ஊழியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"மூணாவது மாதிரி நிராகரிக்கப்படுது. எழுதிக்கங்க."

கிளார்க் எழுதிக்கொண்டார்.

அவள் அவசர ஊர்தித் துறையின் ஒரே ரேடியோ மெக்கானிக். தரைத்தளத்துப் பட்டறையில், டயர்கள் அடுக்கிய மூலைக்கும் பேட்டரி அறைக்கும் நடுவே அவளுடைய மேசை. டிரைவர்கள் அவளை ஒயர்லெஸ் அக்கா என்பார்கள். ரேடியோ பார்ப்பதால் வந்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒயர் கழன்ற ஸ்பீக்கர்போலப் பேச்சுச் சத்தமே வெளியே வராததால் வைத்தது என்று ஒரு டிரைவர் பின்னொரு நாள் சொன்னார்.

துறையிடம் முப்பத்திரண்டு ஆம்புலன்சுகள். ஒவ்வொன்றின் கூரையிலும் ஒரு ஆன்டெனா. அதைக் கூரையோடு பிடித்து வைத்திருப்பது அடியில் இருக்கும் காந்தத் தட்டு. துளை போட்டுத் திருகிவிடலாம்தான். ஆனால் துறை வாகனத்தில் துளையிடுவது வாகனத்தைச் சேதப்படுத்துவதாகும் என்று விதி இருக்கிறது. பழைய தட்டுகள் துருப்பிடித்து, வேகத்தடை ஏறி இறங்கினாலே கழன்று விழுந்தன. விழுந்துவிட்டால் அந்த வண்டிக்குக் காதும் கிடையாது, வாயும் கிடையாது.

ஆகவே அவள் ஒரு குறிப்பு எழுதி மேலே அனுப்பினாள். அடித்தட்டு ஐந்து அங்குல அகலம் இருக்கட்டும். காந்தம் தட்டு முழுக்கப் பரவியிருக்கட்டும். பெயின்ட் கீறாமலிருக்க மெல்லிய ரப்பர் போதும், ரப்பர் தடித்தால் பிடி குறையும். கேபிள் உள்ளே நுழையும் இடம் ஆட்டினால் ஆடக் கூடாது. வண்டிக் கூரையில் ஒட்டி, குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிப் பார்த்து வாங்கவும்.

இந்த ஐந்து வரிக்குத் துறை ஒரு குழு அமைத்தது. காந்த அடித்தட்டுத் தேர்வு, தர உறுதி மற்றும் ஒட்டுதல் மதிப்பீட்டுக் குழு. பட்டறையில் அதை ஒட்டுக் கமிட்டி என்றார்கள். தலைவர், கொள்முதல் அதிகாரி, தொழில்நுட்ப உறுப்பினராக அவள். குறிப்பெழுத ஒரு கிளார்க்.

முதல் கூட்டம் குழுவின் பெயரை முடிவு செய்வதில் கழிந்தது. இரண்டாவது கூட்டத்தில், ஒட்டுதல் என்றால் என்ன என்று வரையறுக்காமல் எதையும் ஒட்டிப் பார்க்க முடியாது என்றார் தலைவர். 'ஒன்று மற்றொன்றை விட்டு நீங்காதிருத்தல்' என்று கிளார்க் எழுதினார். தலைவர் படித்துப் பார்த்துவிட்டு இரண்டு சொல் சேர்க்கச் சொன்னார். 'ஒன்று மற்றொன்றை விட்டு, முன் அனுமதியின்றி, நீங்காதிருத்தல்.'

மூன்றாவது கூட்டம்தான் சோதனைக் கூட்டம். குழு மூன்றாம் மாடியில் கூடியது. வண்டி மூன்றாம் மாடிக்கு வராது. குழு கீழே போகலாம். ஆனால் உறுப்பினர்கள் கூட்ட அறையில் அமர்ந்திருக்கும்போது எடுக்கும் முடிவே முடிவாகும் என்று கூட்ட நடைமுறை சொல்கிறது.

"கீழ போய் நின்னுகிட்டு பார்த்தா அது வேடிக்கை பார்க்கறது" என்றார் தலைவர். "உட்கார்ந்து பார்த்தாத்தான் அது ஆய்வு."

முதலில் மூன்று மாதிரிகளையும் கூட்ட மேசையில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை. மூன்றையும் நிராகரிக்கலாமா என்று தலைவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, மேசை மரம் என்று கிளார்க் பணிவாக நினைவூட்டினார். வாகனத்துக்கு நிகரான உலோகப் பரப்பு தேவைப்பட்டது. மூலையில் இருந்த இரும்பு பீரோ அப்படித்தான் வேலைக்கு வந்தது. அறையிலிருந்த ஸ்டாண்ட் மின்விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தார்கள். மூன்றாம் வேகம், மணிக்கு எண்பது கிலோமீட்டருக்குச் சமம் என்று முடிவாயிற்று.

இரண்டாம் மாதிரி விசிறி போடும் முன்பே வழுக்கி இறங்கியது. மூன்றாம் மாதிரிதான் அவள் மனதில் இருந்தது. ஐந்து அங்குலம், தட்டு முழுக்கக் காந்தம். அது பீரோவில் ஒட்டியதை, ஒட்டியபின் வர மறுத்ததை, நகம் போனதைத்தான் மேலே சொன்னேன்.

மிச்சமிருந்த முதல் மாதிரி பளபளவென்றிருந்தது. பெரிய கிண்ணம் போன்ற வெள்ளி நிற மூடி. அவள் அதைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். உள்ளே கடகடவென்று சின்னதாக ஏதோ உருண்டது. சட்டைப் பித்தான் அளவுக் காந்தம், மற்றதெல்லாம் பிளாஸ்டிக். பீரோவில் வைத்தார்கள். விசிறிக் காற்றில் நின்றது. தலைவர் சுண்டுவிரலால் தொட்டார். உடனே கையோடு வந்தது.

தலைவரின் முகம் மலர்ந்தது.

"இதைப் பாருங்க. வெச்சா நிக்குது. வான்னா வருது. இதுதான் தரம். ஒரு அதிகாரி நினைச்சா எடுக்க முடியாத பொருளை அரசாங்க வண்டியில எப்படி வைக்கிறது? நாளைக்கு அது நம்மளையே கேள்வி கேட்கும். முப்பது வருஷமா நான் இந்தத் துறையில இருக்கேன். நான் எங்க வெச்சாலும் நின்னேன், எப்ப எடுத்தாலும் வந்தேன். அப்படித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்."

கொள்முதல் அதிகாரி முறிந்த நகத்தோடு கைதட்டினார்.

உள்ளே பித்தானளவுதான் காந்தம் சார், ஆட்டிப் பாருங்க. இந்த வாக்கியம் அவளுக்குள் முழுதாக உருவாகியிருந்தது, முற்றுப்புள்ளிகூட வைத்தாகிவிட்டது. அவளுடைய வாக்கியங்கள் எப்போதும் அப்படித்தான். டிரைவர்களுக்கு அவள் முதல் நாள் சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு: மைக்கில் இருக்கும் பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும். அழுத்தாமல் எவ்வளவு கத்தினாலும் வண்டிக்குள்ளேயேதான் கேட்கும். பிறத்தியாருக்குச் சொல்லித்தருவது சுலபமாக இருந்தது.

"தொழில்நுட்ப உறுப்பினர் ஏதாவது சொல்றீங்களா?" என்று தலைவர் கேட்டார்; கேட்டுக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார்.

அவள் வாயைத் திறந்தாள். கிளார்க் எழுதினார்: தொழில்நுட்ப உறுப்பினர் ஆமோதித்தார்.

வீட்டுக்குப் போனபோது சன்னலோரம் காலியாக இருந்தது. காலைவரை அங்கே அவளுடைய சின்ன மேசை இருந்தது. பழைய ரேடியோக்களைப் பிரித்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவாள். மேசை நின்ற இடத்தில் நான்கு கால் தடமும் ஒரு திருகாணியும் மட்டும் இருந்தன.

"தம்பி மேசை வேணும்னான், கொடுத்துட்டேன்" என்றான் கணவன்.

"என்கிட்ட கேட்கலையே."

"கேட்டேனே! போன வாரம் சாப்பிடும்போது கேட்டேன். நீ ஒண்ணும் சொல்லல. சரிதான்போலன்னு நினைச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தான். அவள் சோற்றைப் பார்த்தபடி, கொடுக்க வேண்டாம் என்று தெளிவாக, மனதுக்குள், சொல்லியிருந்தாள். நல்ல மனிதன்தான். இந்த வீட்டிலும் ஒரு கிளார்க் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனை ஏடு எழுதி முடித்திருப்பார்? திருகாணியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

முதல் மாதிரியில் முப்பத்திரண்டு வாங்கி முப்பத்திரண்டு கூரைகளிலும் வைத்தார்கள். அவளே வைத்தாள். ஒவ்வொரு கூரையையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணல் துகள்கூட அடியில் இல்லாமல் பார்த்து வைத்தாள். அதற்கு மேல் அவளால் செய்ய முடிந்தது, ஒவ்வொரு டிரைவரிடமும் "மெதுவா போங்க" என்று சொல்வது. ஆம்புலன்ஸ் டிரைவர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

இதற்கிடையில் தணிக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. சோதனை துறை வாகனத்தில் நடந்ததா? பீரோ வாகனமல்லவே? குழு அவசரமாகக் கூடியது. பீரோவை வாகனமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று தலைவர் கண்டார். முன்தேதியிட்டு அதற்கு வாகன எண் பூஜ்யம் வழங்கப்பட்டது. எண் வந்தபின் ஓட்டப்பதிவேடு வேண்டும், வந்தது. பதிவேடு வந்தபின் தகுதிச் சான்று வேண்டும். ஆய்வாளர் வந்து கதவுகளைத் திறந்து மூடிப் பார்த்து, புகை இல்லை என்று எழுதிக் கொடுத்தார். விபத்தில்லாமலும் எரிபொருள் செலவில்லாமலும் இயங்கிய வாகனம் என்று ஆண்டறிக்கையில் ஒரு வரி வந்தது. முதல் மாதிரியை நிரந்தரச் சோதனைக்காக அதன் பக்கவாட்டில் வைத்து, ஓரத்தில் வழுக்காமலிருக்கத் தலைவரே ஒரு துண்டு ஒட்டுநாடா போட்டார். அதற்கு ஒரு முழம் தள்ளி மூன்றாம் மாதிரி யாராலும் எடுக்கப்படாமல் இருந்தது. மழைநாட்களில் தலைவர் அதில் குடை மாட்டினார்.

ஆன்டெனா பொருத்திய மூன்றாம் வாரம், ஏழாம் நம்பர் வண்டியிலிருந்து அது விழுந்தது.

ஒருவருக்கு நெஞ்சுவலி. வண்டி கிளம்பிய பிறகுதான் கண்ட்ரோல் ரூமுக்குத் தெரிந்தது, வீடு கிழக்கு ரோட்டில் இல்லை, மேற்கு ரோட்டில் என்று. ஆறு முறை கூப்பிட்டார்கள். பதில் இல்லை. பணி நேரத்தில் கைபேசியை வாசல் காவலரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது வேறொரு குழுவின் சாதனை. டிரைவர் கிழக்கு ரோடு முழுக்கத் தேடிவிட்டு இறங்கிப் பார்த்தார். ஆன்டெனா கேபிளோடு வால் மாதிரி தரையில் இழுபட்டு வந்திருந்தது. நோயாளியை யாரோ லோடு வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். துறை பிழைக்க வேண்டியிருந்தது.

அழைப்புக்குப் பதிலளிக்காமை என்று டிரைவர்மேல் குற்றச்சாட்டு. விசாரணை முடியும்வரை வண்டி தரக் கூடாது. ஆனால் டிரைவர் வண்டியில்லாமல் இருக்கவும் கூடாது. அவரை பூஜ்யம் எண் வண்டிக்கு மாற்றினார்கள்.

அவள் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனபோது, அவர் பீரோவின் பக்கத்தில் ஒரு முக்காலியில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். மடியில் ஓட்டப்பதிவேடு.

"வாங்க ஒயர்லெஸ் அக்கா. ஏறிக்கங்க, கிளம்பலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "எப்படி இருக்கு வண்டி?"

"சொகுசுக்கா. குலுக்கலே இல்ல. ஹாரன்தான் இல்ல, கதவைத் தட்டிக்க வேண்டியிருக்கு." பதிவேட்டைக் காட்டினார். புறப்பட்ட இடம்: மூன்றாம் மாடி. சேர்ந்த இடம்: மூன்றாம் மாடி. பக்கம் பக்கமாக அதுவே. "என் பொண்ணு கேட்டா, இப்ப என்ன வண்டிப்பான்னு. பெருசும்மா, ரெண்டு கதவு, உள்ள நாலு தட்டுன்னேன். பஸ்ஸான்னு கேட்டா."

அப்புறம் அவர் குரலைத் தாழ்த்தினார். "விழுந்ததே தெரியலக்கா. கூரையில டொக்குன்னு ஒரு சத்தம். கல்லு பட்டிருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் ரேடியோ ஒரே அமைதி. இன்னைக்கு நிம்மதியா இருக்கேன்னு வேற நினைச்சேன், பாருங்க." பதிவேட்டை மூடினார். "பத்தொன்பது வருஷம்க்கா. வெள்ளிக்கிழமை விசாரணை. உங்க கமிட்டி சான்று வந்துட்டா, தட்டு நல்ல தட்டு, டிரைவர்தான் கெட்ட டிரைவர்னு ஆயிடும். அனுப்பிடுவாங்க. வேற வேலை எனக்கு என்ன தெரியும்?"

அது நல்ல தட்டு இல்லைன்னு எனக்குத் தெரியும், என்று அவள் சொன்னாள். வழக்கம்போல் உள்ளே.

வியாழக்கிழமை கூட்டம் கூடியது. ஒரே பொருள்: சான்றிதழ். தொழில்நுட்ப உறுப்பினரின் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. ரேடியோ தெரிந்தவர் துறையில் வேறு ஆளில்லை. டிரைவரை வண்டியைவிட்டு நகர்த்த முடியாதாகையால், அவர் பீரோவின் பக்கத்தில் முக்காலியிலேயே இருக்கலாம், ஆனால் காதில் வாங்கக் கூடாது என்று முடிவாயிற்று.

தலைவர் வாசித்தார். "'இந்த அடித்தட்டு துறை வாகனம் ஒன்றில் நாற்பத்து மூன்று நாட்கள் தொடர்ந்து பொருத்தப்பட்டு, எண்பது கிலோமீட்டர் வேகத்துக்குச் சமமான காற்றில் சோதிக்கப்பட்டு, ஒருமுறைகூட விழவில்லை.' நல்லா வந்திருக்கு இல்ல? இப்ப யோசிங்க. பூஜ்யம் நம்பர்ல விழல. ஏழாம் நம்பர்ல விழுந்துச்சு. தட்டு ஒண்ணுதான். அப்ப வித்தியாசம் யாரு?"

வித்தியாசம், ஏழாம் நம்பர் ஓடும். அவள் மனதுக்குள் இருந்த வாக்கியம் இது.

"டிரைவர்தான் சார்" என்றார் கொள்முதல் அதிகாரி. பிறகு சந்தேகம் வந்தது. "ஆனா இப்ப பூஜ்யம் நம்பருக்கும் இவர்தானே டிரைவர்?"

தலைவர் ஒரு கணம்தான் திகைத்தார். "பார்த்தீங்களா! இங்க விழாம வெச்சிருக்காரு. அப்ப இவருக்கு விழாம ஓட்டத் தெரியும். தெரிஞ்சும் அங்க விழ விட்டிருக்காரு. இது அலட்சியம் இல்ல, வேணும்னே பண்ணது."

முக்காலியில் இருந்தவர் காதில் வாங்காமல் இருக்கப் பாடுபட்டார்.

"முத்திரையை எடுங்க" என்றார் தலைவர். முத்திரை பீரோவுக்குள் இருந்தது. கிளார்க் எழுந்து போய்க் கைப்பிடியைத் திருகினார். இறுகிப்போன கதவு, ஓங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பீரோ ஒருமுறை அதிர்ந்தது. ஒட்டுநாடா மெல்லப் பிரிந்தது. வெள்ளிக் கிண்ணம் வழுக்கி இறங்கி, சிமென்ட் தரையில் விழுந்து, மூடி ஒரு பக்கம் உருள, உள்ளிருந்து பித்தானளவுக் காந்தம் ஒன்று கிளார்க்கின் செருப்பருகே வந்து நின்றது.

மூன்றாம் மாதிரி குடையோடு அப்படியே இருந்தது.

இப்போது முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். அவள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, தட்டே சொல்லிவிட்டது. வாழ்க்கை முழுக்க அவள் இதற்காகத்தான் காத்திருந்தாள் போலும், தனக்குப் பதிலாக ஏதாவது ஒன்று விழுந்து சத்தம் போடுமென்று. அந்த நிம்மதி மூச்சுவிடும் நேரம் இருந்தது.

"மணி என்ன?" என்றார் தலைவர்.

"பதினொண்ணு இருபது சார்."

"குறிச்சுக்கங்க. பதினொண்ணு இருபதுக்கு, வாகன எண் பூஜ்யத்துலயும், அதே டிரைவர் பொறுப்புல இருக்கும்போது, ஆன்டெனா விழுந்திருக்கு. இது ரெண்டாவது குற்றம்." குனிந்து மூடியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். "பாவம், நல்ல தட்டு. ஒரே ஆள் கையில ரெண்டு தடவை அடிபட்டிருக்கு. சான்றுல நாற்பத்து மூணுங்கறதை நாற்பத்து ரெண்டுன்னு மாத்திடுங்க. நாம பொய் சொல்லக் கூடாது."

டிரைவர் முக்காலியிலிருந்து பாதி எழுந்தார். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் பார்த்தது கையிலிருந்த பதிவேட்டை. அன்றைய பக்கத்தில், விபத்து ஏதும் உண்டா என்ற கட்டத்தை.

சான்றிதழ் அவள் முன்னால் வந்தது. கடைசி வரிக்குக் கீழே அவள் பதவி அச்சிட்டிருந்தது. கொள்முதல் அதிகாரி தன் பேனாவையே திறந்து கொடுத்தார்.

"போடுங்கம்மா. சாப்பாட்டு நேரமாச்சு."

அவள் முழுக்கப் படித்தாள். படித்து முடித்தபோது கிளார்க்கின் கை ஏட்டில் நகரும் சத்தம் கேட்டது. தலைகீழாக இருந்தாலும் அந்தச் சொல்லை அவளால் படிக்க முடிந்தது. எத்தனை பக்கங்களில் அதைப் பார்த்திருக்கிறாள்.

பேனா மூடியை எடுத்துப் பேனாவின்மேல் வைத்தாள். கட்டைவிரலால் அழுத்தினாள். டக்கென்று மூடிக்கொண்டது. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமான சத்தம். மைக்கின் பொத்தான் உள்ளே போகும்போது வருவது.

"அந்தச் சொல்லை அடிங்க" என்றாள்.

கிளார்க் நிமிர்ந்தார். "எதைம்மா?"

"ஆமோதித்தார்னு எழுதியிருக்கீங்களே, அதை."

"என்னம்மா இது புதுசா?" என்றார் தலைவர். கோபம்கூட இல்லை, பீரோ பேசியிருந்தால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். "எல்லாக் கூட்டத்துலயும் ஆமோதிச்சிருக்கீங்க. ஏடு இருக்கு."

"நான் சும்மா இருந்தேன் சார். ஆமோதிக்கல."

"பாரத்துல 'கையெழுத்து'ன்னு ஒரு இடம்தான் இருக்கு. 'மாட்டேன்'னு போட இடமே இல்லையேம்மா."

"அதனாலதான் சார் போடல."

அவள் பேனாவைக் கொள்முதல் அதிகாரியின் பக்கம் தள்ளி வைத்தாள். சான்றிதழைத் தலைவரின் பக்கம் திருப்பி வைத்தாள். ரேடியோவில் சொல்வதுபோல், நிதானமாக, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, இரண்டு முறை சொன்னாள்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

விசிறி மூன்றாம் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கிளார்க் எழுதியதை அடித்தார். அடித்ததற்கு மேல் பேனாவை வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார். பிறகு, இத்தனை கூட்டங்களில் முதல் தடவையாக, அவள் பக்கம் திரும்பினார்.

"இதை எப்படிம்மா எழுதறது?"

"சொன்ன மாதிரியே எழுதுங்க" என்றாள்.